முதல் ஆர்டிஏ வாங்குகிறீர்களா? தப்பைப் பொறுத்துக்கொள்ளும் டேங்காகப் பாருங்கள்

வேப் (இ-சிகரெட்) பயன்படுத்துகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் ரெடிமேட் காயிலில், அதாவது லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளில், சலித்துப்போகிறார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கருகிவிடுகிறது, புதுசு வாங்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பழைய மாடல் டேங்க் என்றால் அதற்குக் காயில் கிடைப்பதே நின்றுவிடுகிறது. கம்பியும் பஞ்சும் வாங்கி நாமே கட்டிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது. அப்படிக் கட்டிக்கொள்ள வசதியுள்ள டேங்கைத்தான் ஆர்டிஏ (RTA) என்கிறோம். அதன் அடியில் டெக் என்ற சின்ன மேடை இருக்கும். கம்பிச் சுருளை அதில் மாட்டி, சுருளுக்குள் பஞ்சுத் திரியைக் கோர்த்து, திரியின் இரண்டு வாலையும் லிக்விட் வரும் பள்ளங்களில் விட வேண்டும். அகல் விளக்கில் திரி எண்ணெயை இழுப்பது போலவே, இந்தத் திரி டேங்கில் உள்ள லிக்விடை இழுத்துக் காயிலுக்குக் கொடுக்கிறது.

புதிதாக வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, "எதில் டேஸ்ட் நல்லா இருக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். ஆரம்பத்தில் நீங்கள் வைக்கும் திரி சரியாக இருக்காது. வால் குட்டையாகிவிடும், அல்லது பஞ்சு அதிகமாகிவிடும், காயில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சில டேங்குகள் இந்தக் குறைகளோடும் ஒழுகாமல், கருகாமல் ஓரளவுக்கு வேலை செய்யும். வேறு சில, திரி ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் மேஜையெல்லாம் லிக்விடைக் கொட்டிவிடும். முதல் டேங்க் முதல் வகையாக இருந்தால்தான் ஆள் தொடர்ந்து கட்டிப் பழகுவார். இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டவர்கள் "இது நமக்கு ஒத்துவராது" என்று ஒரே வாரத்தில் மூட்டை கட்டிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

அதற்கு முன் இரண்டு விஷயம். சில நாடுகளில் இந்தப் பொருள்களை விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம். நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தடை இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். இன்னொன்று: இது சிகரெட்டை விட்டு வந்த, ஏற்கெனவே வேப் பயன்படுத்தும் பெரியவர்களுக்காக எழுதியது. நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள். புகைக்காதவர்கள் இதில் கால் வைக்கவே வேண்டாம்.

உங்கள் இழுப்பு எந்த வகை?

டேங்கைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் எப்படி இழுக்கிறீர்கள் என்று பாருங்கள். சிகரெட் போல முதலில் வாயில் தேக்கி, அப்புறம் நெஞ்சுக்குள் இழுப்பது எம்டிஎல். நேராக நுரையீரலுக்கே இழுப்பது டிஎல். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் இறுக்கமாக நேரே இழுப்பதை ஆர்டிஎல் என்பார்கள். இது தெரியாமல் வாங்கினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் டேங்க் பிடிக்காமல் போகும்.

எம்டிஎல் டேங்கில் காற்றுத் துளை சிறியது, சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை. காயில் 0.8 முதல் 1.5 ஓம் வரை, வாட் 10 முதல் 20 வரை. ஆர்டிஎல்லுக்கு 0.4 முதல் 0.8 ஓம் வரை, 20 முதல் 40 வாட் வரை. அதற்கு மேல் டிஎல்: ஓம் இன்னும் குறைவு, வாட் அதிகம், லிக்விடும் பேட்டரியும் வேகமாகத் தீரும்.

லிக்விடும் இதை ஒட்டித்தான் அமைய வேண்டும். எம்டிஎல்லில் ஆவி கொஞ்சமாக வருவதால் நிகோட்டின் சற்று அதிகமான, பிஜியும் (புரோப்பிலீன் கிளைக்கால்) விஜியும் (வெஜிடபிள் கிளிசரின்) சரிபாதியாகக் கலந்த, தண்ணீர்த்தன்மையுள்ள லிக்விட் ஒத்துவரும். டிஎல்லில் ஒரே இழுப்பில் நிறைய ஆவி உள்ளே போகிறது. அங்கே மில்லிக்கு 3 மில்லிகிராம், அதிகம் போனால் 6. எம்டிஎல்லுக்காக வாங்கிய 20 மில்லிகிராம் நிகோட்டின் சால்ட் லிக்விடை டிஎல் டேங்கில் ஊற்றி இழுத்தால் தலைசுற்றும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். டேங்கை மாற்றும்போது லிக்விடின் நிகோட்டின் அளவையும் மறுபடி யோசியுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு என் யோசனை, காற்றுத் துளையை நன்றாக இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற ஆர்டிஎல் டேங்க். முதல் சில மாதங்களில் உங்கள் இழுப்பே மாறக்கூடும்.

மாட் கருவியும் பேட்டரியும்

டேங்கை எந்த மாட் (mod: பேட்டரியும் பட்டனும் உள்ள அடிப்பகுதிக் கருவி) மேல் மாட்டப்போகிறீர்கள் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். காயில் கட்டப் பழகும்போது உங்களிடம் இருக்க வேண்டியது ரெகுலேட்டட் மாட். அதாவது உள்ளே சிப் இருக்கிற, ஓம் அளவைத் திரையில் காட்டுகிற, ஷார்ட் ஆனால் மின்சாரத்தை நிறுத்திவிடுகிற மாட். மெக்கானிக்கல் மாடில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பட்டனை அழுத்தினால் பேட்டரி நேரடியாகக் காயிலோடு இணையும். காயிலின் கால் (சுருளின் முனையில் நீளும் கம்பி) தவறிப்போய் டெக்கின் மூடியைத் தொட்டால் ரெகுலேட்டட் மாட் திரையில் எச்சரிக்கை காட்டிவிட்டு நிற்கும். மெக்கானிக்கலில் அதே தவறு பேட்டரி வெடிப்பதில் போய் முடியலாம்.

கணக்கு எளிதுதான். மின்னழுத்தத்தை ஓமால் வகுத்தால் ஆம்பியர். முழுக்க சார்ஜ் ஆன ஒரு லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். அதை 0.5 ஓம் காயிலில் நேரடியாகக் கொடுத்தால் 8.4 ஆம்பியர் ஓடும். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். சாம்சங் 25ஆர் போன்ற நல்ல 18650 அளவு பேட்டரி தொடர்ந்து தரக்கூடிய வரம்பே 20 ஆம்பியர்தான். ஓம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு பேட்டரியின் வரம்பை நெருங்குகிறோம் என்பதை மனதில் வையுங்கள். ரெகுலேட்டட் மாடில் சிப் மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுப்பதால் அங்கே பார்க்க வேண்டியது நீங்கள் வைக்கும் வாட். முதல் காயில் 0.6 ஓமுக்குக் கீழே போகாமலும், வாட் 30-ஐத் தாண்டாமலும் இருந்தால் ஒரு நல்ல பேட்டரிக்கே அது சுமையாகாது.

பேட்டரி மேல் உள்ள பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். மாற்று பேட்டரியைச் சட்டைப் பையில் சாவி, சில்லறையோடு போட்டுக்கொண்டு போகவே கூடாது. பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும்.

ஒற்றைக் காயில் போதும்

டேங்குகளில் ஒரு காயில் மாட்டுவதும் உண்டு, இரண்டு மாட்டுவதும் உண்டு. இரண்டு காயில் டேங்கின் புகைப்படம் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டும்: ஒரே சுற்று எண்ணிக்கை, ஒரே கால் நீளம், ஒரே உயரம். ஒன்று முந்திச் சூடாகிவிட்டால் அந்தப் பக்கத்துத் திரி கருகும், இன்னொரு பக்கம் அரைகுறையாக ஆவியாகும். திரி வைக்கும் வேலையும் இரட்டிப்பு. சிக்கல் வந்தால் எந்தக் காயிலில் என்று தேட வேண்டியிருக்கும். ஒற்றைக் காயிலில் தப்பு நடந்தால் எங்கே என்று உடனே தெரிந்துவிடும். பழகும் காலத்தில் இதைவிடப் பெரிய வசதி இல்லை.

டெக்கை உற்றுப் பாருங்கள்

டேங்கின் வெளித்தோற்றத்தைவிட டெக்தான் உங்கள் கைக்கு வேலை வைக்கப்போகிறது. வாங்குவதற்கு முன் டெக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

காயிலின் காலை எப்படிப் பிடிக்கிறது என்பது முதல் கேள்வி. சில டெக்குகளில் கால் ஒரு துளைக்குள் போகும், பக்கவாட்டுத் திருகு அதை அழுத்திப் பிடிக்கும். போஸ்ட்லெஸ் என்ற, தூண் (போஸ்ட்) இல்லாத வகையில் துளைகள் டெக்கின் தளத்திலேயே இருக்கும். காலை முன்கூட்டியே சரியான நீளத்துக்கு வெட்டி உள்ளே இறக்க வேண்டும். நீளம் தவறினால் காயிலின் உயரமும் தவறும், மேலே இழுத்துச் சரிசெய்ய இடமில்லை. அளவு பார்க்கும் கருவி கூடவே வந்தால் பரவாயில்லை, இல்லாவிட்டால் ஆரம்பத்தில் தலைவலி. மூன்றாவது, திருகின் தலைக்குக் கீழே அல்லது ஒரு தகட்டுக்குக் கீழே காலைச் செருகி முறுக்கும் வகை. காலைப் பக்கவாட்டில் நுழைத்து, திருகை இறுக்கி, மீதியை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு இதுதான் சுலபம். கால் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் இறுக்குவதற்கு முன் நகர்த்திக்கொள்ளலாம்.

திருகின் தலையையும் பாருங்கள். நட்சத்திர வடிவத் தலை அல்லது ஒற்றைக் கோட்டுத் தலை என்றால் வீட்டில் இருக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவரே போதும். மிகச் சிறிய ஆலன் திருகுகள் சீக்கிரம் வழுக்கிப்போகும். மாற்றுத் திருகு பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது இடம். காயிலுக்கும் அதை மூடும் கிண்ணத்துக்கும் நடுவே தாராளமாக இடைவெளி வேண்டும். நெருக்கமான டெக்கில் ஷார்ட் ஆகும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம் லிக்விட் பள்ளங்கள். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். அகலமாக, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, திரியின் வாலை இயல்பாகச் சாய்த்து உட்காரவைக்க முடிகிற பள்ளம் நல்லது. ஆழமான குறுகிய துளைக்குள் திரியைத் திணிக்கச் சொல்கிற டெக் வேண்டாம். அங்கே எவ்வளவு பஞ்சு போயிருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது.

காற்று மேலிருந்தா, கீழிருந்தா?

டேங்க் ஏன் ஒழுகுகிறது என்று புரிந்தால் இந்தத் தேர்வு தானாக வந்துவிடும். டேங்கில் லிக்விடுக்கு மேலே கொஞ்சம் காற்றிடம் இருக்கும். லிக்விட் திரி வழியாக இறங்க இறங்க அந்த இடத்தில் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம்தான் லிக்விடை உள்ளேயே பிடித்து நிறுத்துகிறது. நீங்கள் இழுக்கும்போது சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் திரி வழியாக உள்ளே ஏறும், அதே அளவு லிக்விட் கீழே இறங்கும். திரி பள்ளத்தை மூடவில்லை என்றால் காற்று கட்டுப்பாடில்லாமல் உள்ளே போய்விடும். பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் லிக்விட் டெக்கில் நிரம்பும்.

நிரம்பிய லிக்விட் எங்கே போகும்? காற்றுத் துளை டேங்கின் அடியில் இருந்தால் அது வழியாக வெளியே, உங்கள் மாடின் மேல். துளை மேலே இருந்தால் போக வழியில்லாமல் டெக்கிலேயே நிற்கும். இழுக்கும்போது களகளவென்று சத்தம் வரும், நாக்கில் துளி தெறிக்கும், ஆனால் கையும் பையும் நனையாது. ஒரு டிஷ்யூவால் துடைத்துவிட்டு, திரியைச் சரிசெய்துகொள்ளலாம்.

கீழிருந்து காற்று வரும் டேங்கில் காற்று காயிலின் அடியிலேயே நேராக மோதுவதால் சுவை தெளிவாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள், நானும் அதை ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் முதல் டேங்க் மேலிருந்து காற்று வருவதாகவே இருக்கட்டும். சுவையில் இருக்கும் அந்தச் சிறு வித்தியாசம், திரி வைக்கக் கை பழகாதவரை உங்களுக்குத் தெரியப்போவதும் இல்லை. எம்டிஎல் டேங்குகளில் மட்டும் மேல்காற்று வகை குறைவாகக் கிடைக்கும். அங்கே லிக்விட் வரத்தைத் திறந்து மூடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பும்போது அதை மூடிவிட்டால் பாதி ஒழுகல் நின்றுவிடும்.

நிரப்புவது, கொள்ளளவு, அகலம்

மேலிருந்து நிரப்பும் டேங்க் மட்டுமே வாங்குங்கள். தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைக் கழற்றி நிரப்பும் பழைய வகை இன்று தேவையே இல்லை. துளை, புட்டியின் மூக்கு சிரமமில்லாமல் நுழையும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

கொள்ளளவு 2 மில்லி முதல் 5 மில்லி வரை வரும். ஐரோப்பிய ஒன்றிய விதி 2 மில்லிக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதால் ஒரே டேங்க் இரண்டு அளவில் விற்பனைக்கு இருக்கும். அகலம் 22 முதல் 25 மில்லிமீட்டர் வரை சாதாரணம். உங்கள் மாடின் மேல்பரப்பைவிட டேங்க் அகலமாக இருந்தால் விளிம்பு வெளியே துருத்தும், அவ்வளவுதான். ஆனால் 24, 25 மில்லிமீட்டர் டேங்கில் டெக்கில் விரல் நுழைய இடம் கூடும் என்பதால் நான் அந்தப் பக்கம் சாய்வேன். மாடோடு இணையும் மரை பெரும்பாலும் 510 என்ற பொது அளவுதான், அதில் குழப்பம் வராது.

கண்ணாடி உடையும். மாற்றுக் கண்ணாடியும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களும் பெட்டியிலேயே வருகிறதா, தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால்

மாடல்கள் வந்துகொண்டே இருக்கும், போய்க்கொண்டே இருக்கும். அதனால் பெயரை மனப்பாடம் செய்வதைவிட அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. இருந்தாலும் உதாரணத்துக்குச் சில. கீக்வேப் நிறுவனத்தின் முதல் ஜூஸ் (Zeus) ஆர்டிஏ 25 மில்லிமீட்டர் அகலம், ஒற்றைக் காயில், மேலிருந்து காற்று. நான் மேலே சொன்ன மூன்றும் அதில் இருக்கின்றன. அதே குடும்பத்தில் வந்த ஜூஸ் எக்ஸில் இருப்பது இரண்டு காயில் மாட்டக்கூடிய போஸ்ட்லெஸ் டெக். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள். எம்டிஎல் பக்கம் வேண்டி வேப் (Vandy Vape) நிறுவனத்தின் பெர்செர்க்கர், டிஜிஃப்ளேவரின் சைரன் 2 இரண்டும் வெகுகாலமாகப் பலர் பயன்படுத்திப் பார்த்தவை. கைஃபன் என்ற பெயரையும் அடிக்கடி கேள்விப்படுவீர்கள். அருமையான வடிவமைப்பு, ஆனால் விலை கூடுதல், போலிகளும் நிறைய. முதல் டேங்காக அதை வாங்க வேண்டிய அவசியமில்லை.

பழைய மாடலாக இருப்பது குறையல்ல. திரி எப்படி வைப்பது என்று எத்தனையோ பேர் படம் பிடித்துக் காட்டியிருக்கிற டேங்க்தான் புதியவருக்கு ஏற்றது. நேற்று வெளிவந்த டேங்கில் சிக்கல் வந்தால் கேட்க ஆள் இருக்காது.

கூட என்ன வாங்க வேண்டும்?

கம்பி, பஞ்சு, செராமிக் முனையுள்ள இடுக்கி, கூரான சின்னக் கத்தரி, கம்பி வெட்டும் கருவி, காயில் சுற்ற 2.5 மற்றும் 3 மில்லிமீட்டர் கம்பித் தண்டுகள். இவை எல்லாம் சேர்ந்த டூல் கிட் கிடைக்கிறது. அதோடு, முடிந்தால் தனி ஓம் மீட்டர். மாடின் திரையிலேயே ஓம் தெரியும் என்றாலும், பேட்டரியோடு சேர்க்கும் முன் ஷார்ட் இருக்கிறதா என்று பார்ப்பது நிம்மதி.

கம்பியில் முதலில் காந்தல் ஏ1 வாங்குங்கள். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது, வளைத்த வடிவத்தில் அப்படியே நிற்கும், தப்பாக வந்தால் வெட்டிப்போட்டுவிட்டு மறுபடி சுற்றலாம். நிக்ரோம் 80 சீக்கிரம் சூடாகும், ஆனால் அதில் 80 சதவீதம் நிக்கல். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். எஸ்எஸ் 316எல் கம்பியிலும் நிக்கல் உண்டு. நி200, டைட்டேனியம் ஆகியவை வெப்பக் கட்டுப்பாட்டு முறைக்கு மட்டுமே. சாதாரண வாட் முறையில் போடவே கூடாது. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது: 26 கேஜ் 0.40 மில்லிமீட்டர், 28 கேஜ் 0.32 மில்லிமீட்டர். பின்னல் பின்னலாக முறுக்கிய அலங்காரக் கம்பிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முதல் காயில்

டேங்கை முழுக்கக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். ஆலையில் கடைசலின்போது பட்ட எண்ணெய் மரைகளில் ஒட்டியிருக்கும். நன்றாக உலரவிட்டு, எந்த ஓ-ரிங் எங்கே என்று கவனித்து மாட்டுங்கள்.

ஆர்டிஎல்லுக்கு 26 கேஜ் காந்தலை 3 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று சுற்றினால் சுமார் 0.8 ஓம் வரும். எம்டிஎல்லுக்கு 28 கேஜ், 2.5 மில்லிமீட்டர், ஆறு சுற்று: 1.1 ஓம் பக்கம் நிற்கும். அதே சுற்றை நிக்ரோமில் போட்டால் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். சுற்றும்போது கம்பியை இழுத்துப்பிடித்துக்கொண்டு, ஒரு சுற்று அடுத்ததைத் தொடும்படி நெருக்கமாகச் சுற்றுங்கள். டெக்கில் திருகுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திசை மாறிச் சுற்றிவிட்டால் ஒரு கால் போஸ்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

தண்டை உருவாமலே காயிலை டெக்கில் வைத்துத் திருகுகளை இறுக்குங்கள். பிடித்து நின்றால் போதும், வெறிகொண்டு முறுக்கினால் மெல்லிய கம்பி அறுந்துவிடும். காயில் டெக்கின் நடுவில், காற்றுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். மீந்த காலைத் திருகோடு ஒட்ட வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் அரை மில்லிமீட்டர்கூட மூடியைத் தொட்டு ஷார்ட் ஆக்கலாம்.

இப்போது ஓம் பாருங்கள். கணக்கிட்டதற்கு அருகில் இருக்கிறதா? எண் குதித்துக்கொண்டே இருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. சரியாக நின்றால் 10 அல்லது 12 வாட் வைத்து, ஒரு நொடி மட்டும் பட்டனைத் தட்டித் தட்டி விடுங்கள். காயில் நடுவிலிருந்து ஆரம்பித்து இரு ஓரத்துக்கும் சீராகச் சிவக்க வேண்டும். ஒரு சுற்று மட்டும் பளிச்சென்று எரிந்தால், பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு, செராமிக் இடுக்கியால் சுற்றுகளை மெதுவாக வருடி, பக்கவாட்டில் லேசாக அமுக்குங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் சீராகிவிடும். கால்கள் சிவந்தால் மறுபடி திருகைப் பாருங்கள்.

திரி வைப்பது

இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஆர்டிஏ வேலையில் முக்கால்வாசிக் குறைகள் பஞ்சில்தான் வருகின்றன.

காயில் ஆறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சுப் பட்டையிலிருந்து காயிலின் துளையைவிடச் சற்றுத் தடிமனான ஒரு கீற்றை எடுத்து, ஒரு நுனியை விரலால் கூராக முறுக்கி, காயிலுக்குள் விட்டு மறுபக்கம் இழுங்கள். இழுக்கும்போது லேசான தடை தெரிய வேண்டும். காயில் கூடவே வளைந்து வந்தால் பஞ்சு அதிகம், கொஞ்சம் உரித்து எடுங்கள். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் குறைவு. உள்ளே போன பின் பஞ்சை முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள்; காயில் அசையாமல் பஞ்சு மட்டும் நகர்ந்தால் சரியான அளவு.

இரண்டு வாலையும் டெக்கின் வெளிவிளிம்பு அளவுக்கு வெட்டுங்கள். ஒவ்வொரு டேங்குக்கும் இது கொஞ்சம் மாறும், ஆனால் தொடங்குவதற்கு இது நல்ல அளவு. இப்போது இடுக்கியின் நுனியால் வாலைச் சீவிவிடுங்கள். முறுக்கு அவிழ்ந்து, நார்கள் பிரிந்து, வால் பொசுபொசுவென்று விரியும். முடிச்சாக இருக்கும் பஞ்சு இழைகள் அப்போது கையோடு வந்துவிடும், வரட்டும். அப்புறம் வாலை இடுக்கியால் மடித்துப் பள்ளத்தின் மேல் உட்காரவையுங்கள். பள்ளத்தின் வாய் முழுக்க மூடியிருக்க வேண்டும், ஆனால் உள்ளே அடைத்து அமுக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியக் கூடாது. விரலால் தொட்டால் பஞ்சு மெத்தென்று இருக்க வேண்டும்.

சில துளி லிக்விட் விட்டுப் பஞ்சை முழுக்க நனையுங்கள். பட்டனைத் தட்டிப் பார்த்தால் ஆவி இரு பக்கமும் சமமாக எழும். டேங்கை மூடி, காற்றுத் துளையை அடைத்துவிட்டு நிரப்புங்கள். கீழ்க்காற்று டேங்க் என்றால் மேல்மூடியை மாட்டியதும் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு துளையைத் திறந்து, அப்புறம் நிமிர்த்துங்கள். மூடியைத் திருகும்போது உள்ளே ஏறிய அழுத்தம் அந்த வழியாக வெளியேறிவிடும், லிக்விடைத் தள்ளாது. பஞ்சு ஊற ஐந்து நிமிடம் கொடுங்கள். 0.8 ஓம் காயிலில் 18, 20 வாட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு வாட்டாக ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஒழுகினால், கருகினால்

தொண்டையைச் சுடும் கருகிய சுவை வந்தால் லிக்விட் போதவில்லை என்று அர்த்தம். வால் அடைத்துக்கொண்டிருக்கும், அல்லது வாட் அதிகம், அல்லது எம்டிஎல் டேங்கில் கெட்டியான விஜி அதிகமுள்ள லிக்விடை ஊற்றியிருப்பீர்கள். வாலை இன்னும் கொஞ்சம் சீவி மெலிதாக்குங்கள். கருகிய பஞ்சில் அந்தச் சுவை போகாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒழுகினால் பலர் செய்வது நேர்மாறானது: பஞ்சு அதிகமாகிவிட்டது போல என்று குறைத்துவிடுவார்கள். பெரும்பாலும் வேண்டியது அதிகப் பஞ்சு. வால் குட்டையாகிப் பள்ளம் திறந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். திரி சரியாக இருந்தும் ஒழுகினால் ஓ-ரிங் கிழிந்திருக்கிறதா, கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டாலும் லிக்விட் சூடாகித் தண்ணீராக ஒழுகும். விமானத்தில் காற்றழுத்தம் மாறுவதால் எந்த டேங்கும் ஒழுகக்கூடும். ஏறும் முன் காலி செய்துவிடுங்கள்.

சுவை மங்க ஆரம்பித்தால் பஞ்சை மட்டும் மாற்றினால் போதும், காயிலை மாற்ற வேண்டியதில்லை. பழைய பஞ்சை இழுத்தெடுத்துவிட்டு, குறைந்த வாட்டில் காயிலைச் சிவக்கவைத்தால் மேலே படிந்த கரி உதிரும். முழுக்க ஆறிய பின் தண்ணீரில் அலசி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்ததும் புதுப் பஞ்சு கோர்க்கலாம். இனிப்பு அதிகமுள்ள லிக்விட் என்றால் இரண்டு மூன்று நாளிலேயே பஞ்சு கறுத்துவிடும். மற்றதற்கு ஒரு வாரம் போல வரும். காயிலைத் தொட்டாலே உருக்குலைகிறது, ஓம் முன்பிருந்ததிலிருந்து மாறிவிட்டது என்றால் புதுக் காயில் சுற்றுங்கள். லிக்விட் புட்டியையும் கழற்றிய பஞ்சையும் குழந்தைகள் கைக்கும் வளர்ப்புப் பிராணிகள் வாய்க்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அதில் இருக்கும் நிகோட்டின் விஷம். தோலில் கொட்டினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.